பெரெக்ரினுக்கு ஒரு வரி குறைந்தது

நம் மாத இதழின் புனிதர்கள் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூவருக்கும்: நீங்கள் கேட்டது குறிப்புகள். எந்த நூலை நம்பலாம், படத்தை எங்கே எடுக்கலாம், பக்கத்தை எப்போது முடிக்க வேண்டும். அதெல்லாம் அந்த மேசையே உங்களுக்குச் சொல்லிவிடும். நான் பத்தொன்பது வருடம் அதன் முன்னால் உட்கார்ந்தேன். விருப்ப ஓய்வு வாங்கி எட்டு மாதம் ஆகிறது. இன்னும் வீட்டில் ஒரு நாற்காலியில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார வரவில்லை. எழுந்து ஜன்னல், திரும்பி அடுப்பு, மறுபடி ஜன்னல். அப்படி நடக்கிறபோதெல்லாம் கூடவே நடந்து வருகிற ஒரு வாரத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

அந்தோனியாருக்கும் வேளாங்கண்ணி மாதாவுக்கும் நம் மாத இதழ் தேவையில்லை. அவர்களுக்குத் தேர் இருக்கிறது, கொடி இருக்கிறது, சிறப்புப் பேருந்து இருக்கிறது. நம் பக்கத்துக்கு வருகிறவர்கள் வேறு ஆட்கள். சனிக்கிழமை மாலை மணி அடித்ததும் அறுவடையை நிறுத்தி, அரிவாளை வெறும் காற்றில் மாட்டிவிட்டு நின்ற வேலைக்காரப் பெண் நோட்புர்கா. ஞானஸ்நானத்தைக் கேலி செய்ய மேடையேறி, மேடையிலேயே மனம் திரும்பிய நடிகன் ஜெனேசியுஸ். யாரும் பிள்ளைக்குப் பெயர் வைக்காத, யாரும் மெழுகுவர்த்தி ஏற்றாத புனிதர்கள். அவர்களுக்கு வருடத்தில் ஒரு நாள், நம் பக்கத்தில் பன்னிரண்டு வரி. அவ்வளவுதான் சொத்து.

பன்னிரண்டு வரியில் ஒரு வாழ்க்கை. எழுதிப் பார்த்தீர்களானால் தெரியும், பதின்மூன்றாவது வரி எப்போதும் வரும். அதை வெட்ட வேண்டும். எதை வெட்டுவது என்பதில்தான் இந்த வேலையே இருக்கிறது. அதை நான் கற்றுக்கொண்டது ஓர் ஆட்டோ ஓட்டுநரின் காலில்.

மே மாத இதழ் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலேயே பங்குக் கோயில்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அந்த மாதப் பக்கத்தில் மே நான்காம் தேதிக்கு பெரெக்ரின் லாசியோசி. இத்தாலிக்காரர். இளமையில் முரடர், பிறகு துறவி. முப்பது வருடம் உட்காரவே மாட்டேன் என்று நின்றே தவம் செய்தவர். நின்று நின்று காலில் புண் வந்து, புண் புற்றாகி, காலை எடுத்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதற்கு முந்தின இரவு, சிலுவைப் படத்தின் முன்னால் போய் விழுந்தார். கண் அயர்ந்தபோது ஆண்டவர் இறங்கி வந்து காலைத் தொட்டதாகக் கனவு. விடிந்தால் புண் இல்லை. இன்றுவரை புற்றுநோயாளிகள் கூப்பிடுவது அவரைத்தான்.

நான் கடைசி வரியை இப்படி முடித்திருந்தேன்: "மறுநாள் வெட்ட வந்த வைத்தியர், வெட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் திரும்பிப் போனார்."

எழுதி முடித்ததும் அந்த வரியை நானே இரண்டு முறை வாய்விட்டுப் படித்தேன். அவ்வளவு பிடித்திருந்தது எனக்கு.

திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்கு ஒரு பெண் தொலைபேசியில் வந்தார். பெயர் ஸ்டெல்லா. பட்டினப்பாக்கம் குடியிருப்பிலிருந்து பேசுவதாகச் சொன்னார். குரலில் அழுகை இல்லை; அழுது முடித்த வறட்சி இருந்தது.

"மேடம், புனிதர்ங்க பக்கம் நீங்கதானே போடுறது?"

"ஆமாம்மா."

"எங்க வூட்டுக்காரு பேரு ஆரோக்கியதாஸ். ஆட்டோ ஓட்றாரு. கணுக்காலுக்கு மேல கேன்சர் கட்டி. மருந்தெல்லாம் ஏத்தி முடிச்சிட்டாங்க. வர்ற வியாழக்கெழம ஆபரேசன். இப்ப எடுத்தா முட்டிக்குக் கீழ போவும், முட்டி தங்கும்னு டாக்டரு சொல்றாங்க. தள்ளிப் போட்டா முட்டியும் சேர்த்துப் போவலாம், உசுருக்கே கூட கேரண்டி இல்லன்னுட்டாங்க. இவரு நேத்து கோயில்ல உங்க புக்க வாங்கியாந்து படிச்சாரு. அப்பலேர்ந்து கையெழுத்து போட மாட்டேன்னுக்கினு ஒக்காந்துகீறாரு. மே நாலு திருநாளு முடியட்டும், அதுக்குள்ள சாமி வருவாருன்றாரு."

நான் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டே கேட்டேன். பன்னிரண்டு வரியும் சரியாக இருந்தன. எழுத்துப் பிழை இல்லை. தேதிப் பிழை இல்லை.

ஸ்டெல்லா தொடர்ந்தார். "நான் ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனக்காதீங்க. நீங்க வந்து சொல்லுங்க மேடம். திருநாளு மே நாலு இல்ல, இந்த வியாழக்கெழமதான், அச்சுல மாறிப்போச்சுன்னு. உங்க வாயால சொன்னா நம்புவாரு. திருநாளன்னிக்கே ஆபரேசன்னா தைரியமாப் போயிடுவாரு."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

நம் இதழின் ஆசிரியர் ஃபாதரிடம் போனேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நிதானமானவர். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தேதிய மாத்துறது நமக்குப் புதுசா என்னம்மா? ஞாயித்துக்கெழமையில வந்தா மாத்துதோம், புனித வாரத்துல வந்தா மாத்துதோம். ஒரு மனுசன் உசிர காப்பாத்த ஒரு வாரம் முன்னால கொண்டு வந்தா புனிதர் கோவிச்சுக்கவா போறாரு?"

"அப்போ சொல்லிடட்டுமா ஃபாதர்?"

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் சொல்லுன்னும் சொல்லல, சொல்லாதேன்னும் சொல்லல. எழுதினது நீ. அந்த மனுசன் மூஞ்சியப் பாத்துட்டு முடிவு பண்ணு."

இதழில் இருந்த வரியைத் தாண்டி, இல்லாத வரியை நான் நினைத்தது அப்போதுதான். கணினியில் பழைய கோப்பைத் தேடித் திறந்தேன். முதல் படியில் பதின்மூன்று வரி இருந்தது. கனவுக்கு முந்திய வரி: "காலை எடுத்துவிடச் சம்மதம் சொல்லிவிட்டுத்தான் அன்றிரவு அவர் சிலுவையின் முன் போய் விழுந்தார்."

அந்த மாதம் பதின்மூன்றுக்கும் இடம் இருந்தது; கடைசி நேரத்தில் பக்கத்தின் அடியில் ஒரு விளம்பரம் வந்தது. ஒரு வரிக்கு இடம் இல்லாமல் போயிற்று. பதின்மூன்றில் எது சாதுவாக, சத்தம் போடாமல் நிற்கிறதோ அதை வெட்டினேன். கனவை வெட்ட மனம் வருமா? வைத்தியர் திரும்பிப் போனதை வெட்டுவேனா? சம்மதத்தை வெட்டினேன். அரை நிமிடம் கூட ஆகவில்லை.

செவ்வாய் மதியம் போனேன். ஆரோக்கியதாஸின் நண்பர் ஒருவரின் ஆட்டோவை ஸ்டெல்லா அனுப்பியிருந்தார். சாந்தோம் சாலையில் வெயில் தார் வாசனையோடு எழுந்து நின்றது. ஓட்டுநர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

"நீங்கதான் திருநாளு பட்டியல் போடுறவங்களா மேடம்? வாரத்துல ரெண்டு ஞாயித்துக்கெழம போடக் கூடாதா? புண்ணியமாப் போவும்."

நான் சிரிக்கவில்லை என்றதும் அவரும் அடங்கிவிட்டார். சிறிது தூரம் போய், வேறு குரலில் சொன்னார்: "பிரேக்கு வலது கால்ல மேடம். அவனுக்குப் போறதும் வலது காலு. அத்த யோசிச்சுக்கினு பேசுங்க."

வழியெல்லாம் பொய்யை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அச்சுப் பிழை. மன்னித்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமைதான் திருநாள். மூன்றே வாக்கியம். என் வாழ்க்கையில் அதைவிட அலங்காரமான பொய்களை நல்ல நோக்கத்தோடு எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த வியாழக்கிழமை என்ன ஆகும் என்று மனம் ஓடியது. திருநாள் என்று நம்பிப் படுப்பார். கண் விழித்தால் கால் இருக்காது. தன் சொந்த நாளிலேயே புனிதர் தன்னைப் பார்க்க வரவில்லை என்று மிச்ச வாழ்க்கை முழுக்க நினைப்பார். காலை எடுப்பது டாக்டர். இந்த நம்பிக்கையை எடுப்பது நான்.

அதே நேரம், உண்மையைச் சொல்லி அவர் மறுத்துவிட்டால்? முட்டி போனால்? ஆளே போனால்? பட்டினப்பாக்கம் வந்துவிட்டது. நான் இன்னும் முடிவுக்கு வந்திருக்கவில்லை.

முதல் மாடி. கதவு திறந்தே இருந்தது. நாற்பது வயதிருக்கும். மருந்தில் முடி கொட்டி, தலை வழவழவென்று இருந்தது. வலது காலைப் பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் நீட்டி வைத்திருந்தார். கணுக்காலுக்கு மேலே, உள்ளே யாரோ முட்டியை மடக்கி உட்கார்ந்திருப்பது போல ஒரு புடைப்பு. ஸ்டெல்லா என்னைப் பார்த்ததும் கண்ணாலேயே கேட்டார். நான் பார்வையை விலக்கிக்கொண்டேன்.

"வாங்க மேடம். நீங்களா எழுதனது? சோக்கா எழுதிக்கீறீங்க." உண்மையான சந்தோஷத்தோடு சொன்னார். சட்டைப் பையிலிருந்து மடித்த பக்கத்தை எடுத்தார்; ஆனால் பிரிக்கவில்லை. மனப்பாடமாகவே சொன்னார். "மறுநாள் வெட்ட வந்த வைத்தியர், வெட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் திரும்பிப் போனார். இத்த படிச்சப்புறம் நான் எப்டி மேடம் கையெழுத்து போடுவேன்? போட்டா, சாமி மேல நம்பிக்க இல்லன்னு நானே எழுதிக் குடுத்த மாரி ஆயிடாதா?"

என் வரி இன்னொருவர் வாயில் இருந்தது. நான் ஆசையாகப் படித்த அதே ஏற்ற இறக்கத்தோடு. அந்தச் சத்தம் என்னை முடிவுக்குத் தள்ளியது.

"அதுக்கு முன்னாடி ஒரு வரி இருந்துச்சு ஆரோக்கியதாஸ். நான் வெட்டிட்டேன்."

"இன்னா வரி?"

சொன்னேன். சம்மதம் சொல்லிவிட்டுத்தான் போய் விழுந்தார் என்பதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். ஸ்டெல்லா என்னையே பார்த்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் வெட்டனீங்க?"

"இடம் இல்ல."

"எடம் இல்லியா?"

"கீழ ஒரு விளம்பரம் வந்துச்சு. மே மாசம் வேளாங்கண்ணிக்குப் போற பஸ்ஸு."

அவர் பக்கத்தைப் பிரித்து அடிப்பகுதியைப் பார்த்தார்.

"ஏசி பஸ்ஸா, சாதாவா?"

"ஏசி."

"ஏசி பஸ்ஸு." சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது; சிரிப்பு இல்லை. "உனுக்கு எடம் பத்தல, எனுக்குக் காலு போவுது. இல்ல? நல்லாக்கீது யக்கா உன் வேல."

மேடம் போய்விட்டது, நீங்கள் போய்விட்டது. அந்த 'நீ' எனக்கு நியாயமாகவே பட்டது.

"ஏன்யா, வூடு தேடி வந்தவங்கள..." என்று ஸ்டெல்லா தொடங்கினார்.

"நீ சும்மா இரு. நான் கேக்கணும்." அவர் என் பக்கம் குனிந்தார். "அவரு ஒத்துக்கினப்ப, ராத்திரி ஆண்டவரு வருவாருன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"காலு போவப்போவுதுன்னு நெனச்சிக்கினுதான் போனாரா?"

"அப்படித்தான்."

"அப்ப எதுக்குப் போய் வுழுந்தாரு? காலு வேணும்னா? பயத்துலியா?"

"தெரியலப்பா. எந்தப் புத்தகத்துலயும் இல்ல. இருந்திருந்தாலும்..."

"அத்தயும் வெட்டியிருப்ப."

கீழே யாரோ மீன் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் பக்கத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"போ யக்கா. நான் யோசிக்கணும்."

சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. படிக்கட்டு வரை ஸ்டெல்லா வந்தார்.

"மாசாமாசம் அம்மாம் எழுதுறீங்க. ஒரு பொய் சொல்ல வாய் வரலியா உங்களுக்கு?"

இறங்கி நடந்தேன். ஆட்டோ வேண்டாமென்று நடந்தேன். கலங்கரை விளக்கம் வரை நடந்ததாக ஞாபகம்.

புதன்கிழமை. ஜூன் மாதப் பக்கம் மேசையில் கிடந்தது. கைவைக்க முடியவில்லை. பழைய இதழ்களை எடுத்து வரிசையாகப் பார்த்தேன். முதல் படியையும் அச்சான பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து. நான் வெட்டியது எல்லாம் ஒரே மாதிரி வரிகள். புனிதர் தயங்கிய வரி. புனிதர் பயந்த வரி. மடத்துத் தலைவரிடம் அனுமதி கேட்டுக் காத்திருந்த வரி. மருந்து குடித்த வரி. அற்புதத்துக்கு முன்னால் அவர்கள் மனிதர்களாக நின்ற ஒவ்வோர் இடத்தையும் ஒழுங்காகத் துடைத்து வைத்திருந்தேன். மிச்சம் இருந்ததெல்லாம் ஒளி. அந்த ஒளியை நம்பித்தான் ஒரு மனிதர் காலை ஸ்டூல் மேல் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

உங்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். நம் பக்கத்தை ஓய்வாகப் படிப்பவர்கள் குறைவு. ஆஸ்பத்திரி வரிசையில், நீதிமன்ற வாசலில், தேர்வு முடிவுக்கு முந்தைய நாளில் படிக்கிறார்கள். அவர்கள் வரியைப் படிப்பதில்லை, பிடித்துக்கொள்கிறார்கள். பிடித்தால் தாங்குமா என்று இழுத்துப் பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள். இடம் போதவில்லையென்றால் உங்களுக்கு மிகப் பிடித்த வரியை முதலில் வெட்டுங்கள்.

மாலை ஐந்து ஆயிற்று. ஆறு ஆயிற்று. அன்று மாலைக்குள் ஆரோக்கியதாஸ் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்க வேண்டும். போன் செய்ய எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. ஆறே முக்காலுக்கு ஸ்டெல்லாவிடமிருந்து ஒரு செய்தி. மூன்று சொல். "அட்மிட் ஆயிட்டாரு. வாங்க."

வியாழன் காலை அடையாறு பாலத்தைத் தாண்டும்போது ஆறு அசையாமல் கிடந்தது. ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு. ஆரோக்கியதாஸ் பச்சை உடுப்பில் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் தலையை மட்டும் அசைத்தார்.

"கையெழுத்து போட்டுட்டேன் யக்கா."

"கஷ்டமா இருந்துச்சா?"

"பேஜாராப் பூடுச்சி. பேனா எழுதவே இல்ல, ரெண்டு தபா ஒதறினேன்." பிறகு, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில்: "நேத்து ராத்திரி கனவு எதுவும் வரல. ஊசி போட்டாங்க, தூங்கிட்டேன். கனவு வரலன்னா இன்னா, அவரு வந்தா சொல்லிக்கினுதான் வருவாரா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சம்மதம் சொல்லிவிட்டார். ஆனால் காத்திருப்பதை விடவில்லை. பெரெக்ரின் எப்படிப் படுத்திருந்தாரோ அப்படித்தான் இவரும் படுத்திருக்கிறார்.

டாக்டர் வந்தார். இளம் பெண். கையில் தடித்த பேனா, எந்தக் காலென்று குறியிடுவதற்கு. போர்வையை விலக்கிப் பேனாவின் மூடியைத் திறந்தார்.

"டாக்டர்," என்றார் ஆரோக்கியதாஸ். "போடறதுக்கு முன்ன இன்னொரு தபா பாத்துடுங்களேன்."

டாக்டர் ஏன் என்று கேட்கவில்லை. நேரமாகிறது என்று சொல்லவில்லை. எங்கள் மூவர் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். பேனாவை மூடிக் கட்டில் மேல் வைத்துவிட்டு, ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அந்தக் காலைப் பிடித்தார். கட்டைவிரலால் அழுத்தினார். சற்று நகர்த்தி மறுபடி அழுத்தினார். ஆரோக்கியதாஸ் காலைப் பார்க்கவில்லை. டாக்டரின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா கட்டில் கம்பியைப் பிடித்திருந்தார்.

"இருக்குப்பா," என்றார் டாக்டர்.

"நல்லா பாத்தீங்களா?"

"நல்லா பாத்தேன்."

ஆரோக்கியதாஸ் இரண்டு முறை கண்ணை மூடித் திறந்தார். "செரி. இட்டுனு போங்க."

கட்டிலின் சக்கரங்கள் நடையில் உருண்டு திரும்பி மறைந்தன. நாங்கள் இருவரும் நின்ற இடத்திலேயே நின்றோம். ஸ்டெல்லா என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"உண்மையச் சொல்லுங்க. டாக்டரு அமுக்கிப் பாக்கசொல்லோ, நீங்களும் எதிர்பாத்தீங்களா?"

"ஆமா."

"நானும்." அதற்குப் பிறகு பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அதுவரை தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார்.

மதியம் ஆரோக்கியதாஸை வெளியே கொண்டுவந்தார்கள். மயக்கம் பாதி தெளிந்து, உதடு காய்ந்து, கண்ணைத் திறக்க முடியாமல் திறந்தார். போர்வையின் கீழ்ப்பாதி ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. அந்தப் பக்கம் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. கூரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"எது வரிக்கும் ஸ்டெல்லா?"

ஸ்டெல்லா போர்வைக்கு மேலாக உள்ளங்கையை அவருடைய வலது முட்டியின் மேல் வைத்தார். அவர் உணரும் வரை மெதுவாக அழுத்தினார்.

"இது வரிக்கும் கீதுயா."